ஒன்பது கம்ப்யூட்டர், மூன்று கோளாறு: ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் எக்ஸ்டென்ஷன் நின்ற கதை

பெங்களூரு கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். முதலாளியும் பாதி ஊழியர்களும் நாமக்கல் பக்கத்துக்காரர்கள். ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர், பீன்யா கோடவுனில் ஒன்று. ஒன்பதிலும் குரோம் பிரவுசர். அதற்குள் 2019இல் பகுதிநேர புரோகிராமர் ஒருவர் எழுதிக்கொடுத்த சொந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குள் கூடுதல் வேலை செய்யும் சிறு மென்பொருள்). 2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை காலை ஐந்து கம்ப்யூட்டரில் அந்த எக்ஸ்டென்ஷனைக் காணவில்லை. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பதுதான் எல்லா இருக்கையிலிருந்தும் வந்த பதில். அது உண்மையும்கூட.

எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆபீஸின் சொந்த எல்.ஆர். (லாரி ரசீது) மென்பொருளிலிருந்து லாரி எண்ணை எடுத்து, சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் வேண்டிய இ-வே பில்லின் தளத்தில் பார்ட்-பி என்ற வண்டி விவரக் கட்டங்களை நிரப்புவது. இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் லோடுகளின் இ-வே பில் காலாவதியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்து, முடியப்போகும் பில் இருந்தால் மணியடிப்பது. பெரிய சரக்கு வண்டிக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது 2021 ஜனவரி முதல் உள்ள கணக்கு. நாக்பூர் பக்கம் 1,100 கி.மீ. போகிற லோடுக்கு ஆறு நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதாகி நின்றால் நாளை நீட்டிக்கலாம்; ஆனால் பில் முடிவதற்கு முன் எட்டு மணி நேரம், முடிந்தபின் எட்டு மணி நேரம், அந்த இடைவெளிக்குள் செய்தாக வேண்டும். தவறவிட்டு வண்டி பிடிபட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129ஆம் பிரிவு வரும்: சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியைப் போல இருமடங்கு அபராதம். நிரப்பும் வேலை நின்றால் கை வலிக்கும், அவ்வளவுதான். மணி நின்றால் பணம் போகும். இந்த வித்தியாசம் அன்று காலை யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் புலம்பியது பார்ட்-பி பற்றித்தான்.

முதலில் வந்தவர் ஹார்டுவேர் பார்ப்பவர். கேஷ், குக்கீ எல்லாவற்றையும் அழித்தார், பலனில்லை. பிறகு, எக்ஸ்டென்ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே "எதற்கும் புதிதாகப் போட்டுவிடுவோம்" என்று குரோமை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினார். அதிலும் எக்ஸ்டென்ஷன் போயிற்று. இந்தத் தவறுதான் உண்மையான காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. குரோமைப் புதிதாக இறக்கினால் வருவது அன்றைய கடைசி வெர்ஷன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மெனுவில் உதவிக்குப் போய், குரோமைப் பற்றி என்ற பக்கத்தில் வெர்ஷன் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதியதும் படம் தெளிந்தது. எக்ஸ்டென்ஷன் இல்லாத ஆறிலும் 139. ஆபீஸில் மீதியிருந்த இரண்டில் 138. கோடவுனில் இருந்ததில் 109.

ஏன் எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை? குரோம் தன் அப்டேட்டைப் பின்னணியில் இறக்கி வைத்துக்கொள்ளும். பிரவுசரை முழுதாக மூடித் திறக்கும்போதுதான் அது அமலுக்கு வரும். இரவில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு 139 வந்துவிட்டது. எந்நேரமும் திறந்தே கிடக்கும் பில்லிங் மேசைகளில் 138 அப்படியே ஓடியது. கூகுளும் புதிய வெர்ஷனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதில்லை, படிப்படியாகவே விடுகிறது. ஆகவே "பக்கத்து சீட்டில் வேலை செய்கிறதே" என்பதை வைத்துப் பிரவுசரை நிரபராதி என்று விட்டுவிடக் கூடாது. முதலில் எடுக்க வேண்டியது வெர்ஷன் கணக்கு.

138இல் ஓடிய இரண்டில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நிரப்பும் பட்டன் வரவில்லை. அங்கே பிரவுசர்மேல் குற்றமே இல்லை. 2025 ஜூலை 1 முதல் இ-வே பில்லுக்கு 2.0 என்ற இரண்டாவது தளமும் திறக்கப்பட்டது. பழைய தளம் திணறும்போது இதில் வேலை பார்க்கலாம் என்பதற்காக வந்தது, முகவரி வேறு. அந்த மேசைக்காரர் புதிய தளத்துக்கு மாறியிருந்தார். எக்ஸ்டென்ஷனின் அனுமதிகளை எழுதி வைக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் அனுமதி பழைய முகவரிக்கு மட்டும். அனுமதி இல்லாத முகவரியில் எக்ஸ்டென்ஷன் எட்டிக்கூடப் பார்க்காது. பிழைச் செய்தியும் தராது.

கோடவுன் கம்ப்யூட்டர்தான் எல்லோரையும் தவறான முடிவுக்குத் தள்ளியது. அது விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்குக் குரோம் தந்த கடைசி வெர்ஷன் 2023 ஜனவரியில் வந்த 109. அப்டேட்டே வராத கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷன் ஜோராக ஓடியது. "அப்டேட்டை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆபீஸில் பேச்சு எழுந்தது. பல ஆபீஸ்களில் இதே பேச்சு நடக்கிறது. சில இடங்களில் குரோமின் அப்டேட் சர்வீஸை நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூன் இறுதியில் தளங்களின் ஸ்கிரிப்டை ஓட்டும் குரோமின் வி8 இன்ஜினில் ஓர் ஓட்டையை, ஆட்கள் ஏற்கெனவே அதன் வழியாகத் தாக்கிக்கொண்டிருந்த நிலையில், 138க்குள்ளேயே ஒரு சிறு அப்டேட்டாக அடைத்தார்கள். பேங்க் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் திறக்கிற பிரவுசரை 109இல் நிறுத்துவது, ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டு கல்லாவுக்கு மட்டும் பூட்டுப் போடுவது.

பழசிலேயே நின்றால் எக்ஸ்டென்ஷன் பிழைக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்களை ஆட்-ஆன் என்பார்கள். 2025 மார்ச் 14 அன்று அவற்றின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு ரூட் சான்றிதழ் காலாவதியானது. வழக்கமான வரிசையில் 128க்கும், நீண்ட ஆதரவு வரிசையில் 115.13க்கும் முந்தைய வெர்ஷனில் நின்றவர்களுக்கு ஆட்-ஆன்கள் அணையும் நிலை வந்தது. 2019 மே 4இல் இதற்கு நேர்மாறாக நடந்தது: கையொப்பச் சங்கிலியின் இடைநிலைச் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்கத் தவறியதால், சமீபத்திய வெர்ஷன் வைத்திருந்தவர்களுக்கும் ஆட்-ஆன்கள் அணைந்தன, அவசரத் திருத்தங்களும் 66.0.4 என்ற அப்டேட்டும்தான் அவற்றைத் திருப்பித் தந்தன.

139இல் என்ன மாறியது

எக்ஸ்டென்ஷன் எழுதப்பட்ட முறைக்கு மேனிஃபெஸ்ட் வி2 என்று பெயர். அதற்கு அடுத்ததான வி3, குரோம் 88இல், 2021 ஜனவரியில் வந்தது. 2024 அக்டோபரில் சாதாரணப் பயனர்களுக்கு வி2 எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக அணைக்கத் தொடங்கினார்கள். நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு சலுகை: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், குரோமின் பாலிசிப் பகுதியில் (பிரவுசருக்கு நிறுவனம் விதிக்கும் கட்டளைகள்) எக்ஸ்டென்ஷன்மேனிஃபெஸ்ட்வி2அவெய்லபிலிட்டி என்ற பெயரில் 2 என்று மதிப்பு வைத்தால் வி2 தொடர்ந்து ஓடும். இந்த ஆபீஸிலும் 2024 நவம்பரில் யாரோ அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். எட்டு கம்ப்யூட்டரிலும் இருந்தது. எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

அந்தச் சலுகைக்கு முடிவு நாள் முன்பே அறிவிக்கப்பட்டது. 138 கடைசி, 139இல் அந்த பாலிசியையே எடுத்துவிட்டார்கள். ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு இருக்கும், அதைப் படிக்க ஆளிருக்காது. டெவலப்பர் மோடில் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரை மறுபடி ஏற்றிப் பார்த்தால், மேனிஃபெஸ்ட் வெர்ஷனுக்கு ஆதரவில்லை என்ற செய்தியோடு திரும்பி வரும்.

இங்கே பழியை எங்கே வைப்பது என்பதில் தெளிவு வேண்டும். குரோம் 2010இல் ஆறு வாரச் சுழற்சிக்கு வந்தது. 2021 செப்டம்பரில் 94ஆம் வெர்ஷனோடு நான்கு வாரமானது. ஃபயர்ஃபாக்ஸ் 2011இல் ஆறு வாரத்துக்கு மாறியபோது ஆட்-ஆன்கள் கொத்துக் கொத்தாகச் செயலிழந்தது உண்மை. காரணம், ஒவ்வொரு ஆட்-ஆனிலும் "இந்த வெர்ஷன் வரைக்கும் ஓடும்" என்று எண் போட்டிருக்கும். ஆறு வாரத்துக்கு ஒரு தரம் எண் ஏறினால் ஆட்-ஆன் நன்றாக இருந்தும் தகுதியில்லை என்று தள்ளப்படும். 2012 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 10, பெரும்பாலான ஆட்-ஆன்கள் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் அந்தத் தொல்லை தணிந்தது. அதற்குப் பிறகு எக்ஸ்டென்ஷன்களைக் கூட்டமாகச் சாய்த்தவை அடிக்கடி வரும் அப்டேட்கள் அல்ல. ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்போடு வந்த சில பெரிய வெட்டுகள்தான்: 2015இல் குரோம் 42இலும் 45இலும் என்.பி.ஏ.பி.ஐ. என்ற பழைய முறைப் பிளகின்கள் போனது (டிஜிட்டல் கையொப்ப டோக்கனை ஜாவா ஆப்லெட் வழியாகப் பயன்படுத்திய ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு அது மறக்காது), 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57இல் பழைய பாணி ஆட்-ஆன்கள் போனது, இப்போது வி2. சில வாரத்துக்கு ஒரு தரம் வரும் அப்டேட்டில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதனாலேயே நாள் குறித்து வரும் அந்த ஒன்றை யாரும் எதிர்பார்த்திருப்பதில்லை.

அன்றே செய்தது

நான்கு வழிகள் பேசப்பட்டன. 139இலிருந்து 138க்கு இறங்குவது முதலாவது. புதிய வெர்ஷன் தொட்ட ப்ரொஃபைலை (பயனரின் செட்டிங்ஸும் தரவும்) பழைய வெர்ஷன் ஒழுங்காகத் திறக்கும் என்று நம்ப முடியாது. முறையாக இறங்க அப்டேட் பாலிசிகள் வேண்டும். இரண்டாவது, எக்ஸ்டெண்டட் ஸ்டேபிள் என்ற எட்டு வார வரிசை. அதில் இரட்டைப்படை வெர்ஷன்கள் மட்டும் வரும் என்பதால் 138 இன்னும் நான்கு வாரம் நீடிக்கும், 140 வந்ததும் அதுவும் முடியும். இந்த இரண்டு வழிக்கும் தேவையான அப்டேட் பாலிசிகளை விண்டோஸில் குரோம் மதிக்க, கம்ப்யூட்டர் டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்திருக்க வேண்டும் அல்லது கூகுளின் நிர்வாகச் சேவையான குரோம் என்டர்பிரைஸ் கோரில் பதிவாகியிருக்க வேண்டும். தனித்தனி கம்ப்யூட்டராக ஓடும் இந்த ஆபீஸில் இரண்டும் இல்லை. மூன்றாவது, கையால் நிரப்புவது. அன்று மதியம் வரை அதுதான் நடந்தது.

நான்காவதாக ஃபயர்ஃபாக்ஸ். அதில் வி2 இன்னும் ஓடுகிறது. எக்ஸ்டென்ஷனில் குரோமுக்கென்று எழுதிய அழைப்புகளில் பெரும்பாலானவற்றை ஃபயர்ஃபாக்ஸ் அப்படியே ஏற்கும். ஒரே தடை கையொப்பம்: 2016இல் வந்த 48 முதல், சாதாரண ஃபயர்ஃபாக்ஸில் அதைத் தயாரிக்கும் மொஸில்லாவின் கையொப்பம் இல்லாத ஆட்-ஆனை நிரந்தரமாக வைக்க முடியாது, தற்காலிகமாக ஏற்றினால் பிரவுசரை மூடியதும் போய்விடும். மொஸில்லாவின் ஆட்-ஆன் கடையில் பட்டியலிடாமல் சொந்த உபயோகத்துக்கென்று அனுப்பினால் கையொப்பம் இலவசம், பெரும்பாலும் தானியங்கியாகவே நடந்துவிடும். புரோகிராமர் புதிய தளத்தின் முகவரியையும் அனுமதியில் சேர்த்து அனுப்பினார். கிடைத்த எக்ஸ்பிஐ ஃபைலை ஆபீஸின் எட்டு கம்ப்யூட்டரிலும் திறந்து நிறுவினார்கள். மாலை லோடு புக்கிங்குக்கு முன் வேலை ஓடியது. எக்ஸ்டென்ஷனை நம்பி இருக்கும் எந்த ஆபீஸிலும் இரண்டாவது பிரவுசர் ஒன்றில் அதே எக்ஸ்டென்ஷனைத் தயாராக வைத்திருப்பது செலவில்லாத காப்பு.

வி3க்கு மாற்றியதில் சறுக்கிய இடங்கள்

மேனிஃபெஸ்ட் ஃபைலில் பெயர் மாற்றங்கள் அரை மணி நேர வேலை: எண்ணை 3 ஆக்குவது, தள முகவரிகளைச் சாதாரண அனுமதிகளிலிருந்து பிரித்துத் தனிப் பட்டியலாக வைப்பது, பட்டனுக்கான பிரவுசர் ஆக்‌ஷனை ஆக்‌ஷன் என்று மாற்றுவது. நாட்களைத் தின்றது பின்னணிப் பகுதி.

வி2இல் பின்னணிப் பக்கம் பிரவுசர் திறந்திருக்கும்வரை உயிரோடு இருக்கும். அதில் செட்இன்டர்வல் என்ற டைமர் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பில்களைப் பார்த்தார்கள். வி3இல் அந்த இடத்தில் சர்வீஸ் ஒர்க்கர், தேவைப்படும்போது மட்டும் எழும் ஸ்கிரிப்ட். 30 வினாடி வேலையில்லாமல் இருந்தால் குரோம் அதை நிறுத்திவிடும். நிறுத்தும்போது டைமரும் போகும், மெமரியில் வைத்த மாறிகளும் போகும். புரோகிராமர் முதலில் பழைய செட்இன்டர்வலை அப்படியே கொண்டுவந்தார். தன் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் சோதித்தார். மணி ஒழுங்காக அடித்தது. ஆபீஸில் போட்டதும் ஒருமுறைகூட அடிக்கவில்லை. காரணம் இதுதான்: சர்வீஸ் ஒர்க்கருக்குள் நடப்பதைப் புரோகிராமர் பார்க்கும் டெவ்டூல்ஸ் ஜன்னல் திறந்திருக்கும்வரை குரோம் அதை நிறுத்தாது. சோதிப்பவர் கண் வைத்திருக்கும்வரை உயிரோடிருந்து, கண்ணை எடுத்ததும் தூங்கிவிடும். டெவ்டூல்ஸை மூடிவிட்டு, எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் சர்வீஸ் ஒர்க்கர் செயலில் இல்லை என்று காட்டும்வரை காத்திருந்து, அதன்பின் நடப்பதைத்தான் சோதனை என்று சொல்ல வேண்டும்.

செட்இன்டர்வலுக்குப் பதில் அலாரம்ஸ் ஏபிஐ என்ற குரோமின் சொந்த வசதி வந்தது. தூங்கும் ஒர்க்கரை அலாரம் எழுப்பும். குறைந்தபட்ச இடைவெளி 30 வினாடி (குரோம் 120க்கு முன் ஒரு நிமிடம்), ஐந்து நிமிடத்துக்குப் பிரச்சினையில்லை. ஆனால் பிரவுசரை மூடித் திறக்கும்போது அலாரம் அழிந்துபோகலாம். ஆகவே ஒர்க்கர் எழும் ஒவ்வொரு தடவையும் அலாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போட வேண்டும். அலாரத்தைக் கேட்கும் லிஸனரையும் ஸ்கிரிப்டின் மேல்மட்டத்திலேயே பதிய வேண்டும். செட்டிங்ஸைப் படித்து முடித்த பிறகு அதற்குள் பதிந்தால், ஒர்க்கரை எழுப்பிய அந்த அலாரமே கைநழுவும். இந்தப் பிழை இருந்ததால் இரண்டாவது பதிப்பு சில நேரம் மணியடித்தது, சில நேரம் அடிக்கவில்லை. முழுதாக நிற்பதைவிட இது மோசம்.

மணிச் சத்தம் இன்னொரு வேலை. சர்வீஸ் ஒர்க்கரில் பக்கம் கிடையாது, ஆகவே ஒலியும் கிடையாது. குரோம் 109 முதல் உள்ள ஆஃப்ஸ்கிரீன் டாக்குமென்ட் ஒன்றைத் திறந்து அதில் ஒலிக்க விட்டார்கள். பக்கங்கள் தரவு சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் ஒர்க்கரில் இல்லை. முடியப்போகும் பில்களின் பட்டியல் எக்ஸ்டென்ஷனுக்கென்று உள்ள ஸ்டோரேஜுக்குப் போனது.

பழைய எக்ஸ்டென்ஷனில் ஒரு தந்திரம் இருந்தது. தளத்தில் கட்டத்தின் பெயர் மாறினால் உடனே சரிசெய்ய, ஆபீஸ் சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே ஓட்டுவார்கள். வி3 வெளியிலிருந்து வரும் புரோகிராமை ஓட்ட விடாது. தரவை வாங்கத் தடையில்லை. எனவே எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்ற பட்டியல் மட்டும் ஜேசன் ஃபைலாக வருகிறது; ஓடும் புரோகிராம் முழுவதும் எக்ஸ்டென்ஷனுக்குள். ஆபீஸ் சர்வரை யாராவது கைப்பற்றினால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஜி.எஸ்.டி. தளத்துக்குள் தன் புரோகிராமை ஓட்டியிருக்கலாம் என்பதை நினைத்தால், இந்தத் தடையைக் குறை சொல்ல மனம் வராது.

நிறுவும் முறையும் மாறியது. இதுவரை ஃபோல்டரைக் காட்டி டெவலப்பர் மோடில் ஏற்றியிருந்தார்கள். இப்போது குரோம் வெப் ஸ்டோரில் 5 டாலர் ஒருமுறைக் கட்டணம் கட்டி, பட்டியலில் வராத எக்ஸ்டென்ஷனாக ஏற்றினார்கள். ஃபோல்டரிலிருந்து ஏற்றியதற்கு அதன் பாதையை வைத்து ஓர் ஐடி இருக்கும். ஸ்டோரில் வேறு ஐடி. பழைய செட்டிங்ஸ் ஒன்றும் வராது, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் புதிதாகத்தான் போட வேண்டும்.

கடைசிச் சறுக்கல் ஸ்டோரில் ஏற்றிய பிறகு. முதல் பதிப்பில் 2.0 தளத்தின் முகவரியைச் சேர்க்க மறந்துபோய், அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள். புதிய தளத்துக்கு அனுமதி கூடியதால், பயனர் ஒப்புக்கொள்ளும்வரை குரோம் எக்ஸ்டென்ஷனை அணைத்து வைத்தது. திரை மூலையில் வந்த கேள்வியை ஐந்து மேசைகளில் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். வியாழக்கிழமைக் காட்சி மறுபடி. புதிய தளங்களை விருப்ப அனுமதியாக வைத்து, பட்டனை அழுத்தும்போது கேட்பது இதற்குச் சரியான முறை; அப்போது எக்ஸ்டென்ஷன் அணையாது.

இப்போது ஓடும் விதம்

வெர்ஷன் எண்ணும், ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் பாலிசிகளும் ஒரு எக்செல் தாளில். குரோமின் முகவரிப் பட்டியில் குரோம் என்று அடித்து முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடித்தால் அமலில் உள்ள பாலிசிகள் எல்லாம் தெரியும். அதை மாதம் ஒருமுறை தாளோடு ஒப்பிடுவது அக்கவுண்டன்ட் வேலை. ஒரு மேசையில் சாதாரணக் குரோமோடு, அடுத்த வெர்ஷனை முன்கூட்டியே தரும் குரோம் பீட்டாவும் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருக்கும். அந்த மேசைக்காரர் வாரம் ஒரு நாள் பீட்டாவில் வேலை பார்ப்பார். உடையப்போவது சில வாரம் முன்பே அவர் கையில் உடையும்.

எக்ஸ்டென்ஷன் பட்டனில் கடைசியாகப் பில்களைச் சரிபார்த்த நேரம் எழுதப்படுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் பழையதானால் ஆபீஸின் எல்.ஆர். மென்பொருள் தன் திரையில் சிவப்புப் பட்டை காட்டும். எக்ஸ்டென்ஷன் செத்துவிட்டால் தான் செத்ததை அதனால் சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். மொத்த வேலையில் இது பத்து வரி புரோகிராம்தான், ஆனால் முதலிலேயே இருந்திருக்க வேண்டியது.

பார்ட்-பி நிரப்பும் பகுதியை அக்டோபரில் எக்ஸ்டென்ஷனிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இ-வே பில் தளத்திலேயே வண்டி எண்களை மொத்தமாக ஏற்றும் வசதி உண்டு, எல்.ஆர். மென்பொருள் அந்த ஃபைலைத் தானே தயாரிக்கிறது, தளத்தில் கட்டம் இடம் மாறினாலும் கவலையில்லை. ஒற்றை வண்டி அவசரத்துக்குக் கையால் அடிக்கிறார்கள். பீன்யா கோடவுன் கம்ப்யூட்டரில் 109 இன்னும் இருக்கிறது. எடைச் சீட்டு அச்சடிக்க மட்டும், இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு.